கூட்டுக்குள் ஒரு தலை

போன மாதம் கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில் இருக்கும் எங்கள் கராஜுக்குப் போயிருந்தேன். எங்கள் கராஜ் என்று இனிச் சொல்லக் கூடாது, நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் வாய் அப்படித்தான் சொல்கிறது. அங்கே மேசைமேல் வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே கறுப்பு நிறத்தில் வளைந்த மெத்தைத் துண்டுகள். ரேஸ் காரின் பைப்பில் வைத்து அழுத்தினால் அப்படியே கவ்விக்கொள்ளும். ஊசி வேண்டாம், நூல் வேண்டாம், நானும் வேண்டாம். இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழப்போகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஒரு துண்டை எடுத்துப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தேன். கொஞ்சமும் அசையவில்லை.

"நல்ல சாமான். இதையே போடுங்க" என்றேன்.

அவர்களுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "அப்ப முன்னாடியெல்லாம் நீங்க எப்படித்தான் செஞ்சீங்க அக்கா?" என்று ஒருத்தன் கேட்டான். பிளேன்டீ ஆறும்வரை சொன்னேன். சொல்லி முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மனது அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது கண்டி மஹய்யாவவில். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது. அடுத்த வருடமே பல்லேகல கார்மன்ட் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து சட்டைக் கொலர் தைத்தேன். எத்தனை கொலர் என்று கேட்காதீர்கள். அந்தக் கொலர்களைப் போட்டுக்கொண்டு எந்த நாட்டில் யார் திரிந்தார்களோ, அவர்கள் கழுத்து நன்றாக இருக்கட்டும். பிறகு தடித்த துணி, ரெக்ஸின், தோல் எல்லாம் தைக்கிற பெரிய மெஷினுக்கு மாற்றினார்கள். அந்த மெஷின் தெரிந்த ஆள் தேவை என்று பக்கத்து கராஜிலிருந்து கேட்டு வந்தபோது, ஒரே மாதிரி வேலையில் அலுத்துப்போயிருந்த நான் சரி என்று போய்விட்டேன். கராஜில் பெண் ஒருத்தி வேலைக்குப் போகிறாள் என்று எங்கள் லயன் வீடுகளில் நாலு நாள் பேச்சாக இருந்தது. ஐந்தாவது நாள் வேறு கதை கிடைத்துவிட்டது.

முதல் நாள் போனால், மலைப்பாதைப் பந்தயத்துக்குத் தயாராகிற வெறும் கார் உடம்பு ஒன்று நிற்கிறது. கதவு இல்லை, கதிரை இல்லை, உள்ளே முழுக்கத் தடித்த இரும்புப் பைப். மேலே, பக்கத்தில், குறுக்கே என்று வளைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். கிளிக்கூடு மாதிரி இருந்தது. கராஜில் அதற்குப் பெயரும் கூடுதான்.

அந்தக் கூட்டுக்குள் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் குணநாயகம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் படிப்பித்துவிட்டு, பிறகு இந்தக் கராஜில் வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இது எதுக்கெண்டு தெரியுமோ?" என்று உள்ளே இருந்தபடியே கேட்டார்.

"கார் பொரண்டா நசுங்காம இருக்கத்தானுங்க சேர்."

"ஓம். மலையிட்ட இருந்து ஆளைக் கூடு காப்பாத்தும். கூட்டிட்ட இருந்து ஆளை ஆர் காப்பாத்துறது?"

அவர் தன் தலையைச் சரித்துப் பக்கத்துப் பைப்பில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார். அப்போதுதான் விளங்கியது. கார் உருண்டால் கூடு நசுங்காது, உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கிறவன் தலை அந்தப் பைப்பிலேயே போய் அடிபடும். அந்தத் தலைக்கும் அந்தப் பைப்புக்கும் இடையில் என்ன இருக்க வேண்டும், எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதுதான் எங்கள் வேலை. ஓய்வு பெறும்வரை நான் செய்தது அது ஒன்றுதான்.

சேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரேஸ் கார் செய்கிற அந்த மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியாது. குடையும் சாப்பாட்டுப் பையுமாகக் கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போவார். ஏன் சேர் பழகவில்லை என்று கேட்டால், "எனக்குப் பயம்" என்று வெட்கமே இல்லாமல் சொல்வார். அந்தப் பயம்தான் அவருடைய மூலதனம் என்று நான் நினைத்துக்கொள்வேன். பயம் இல்லாத ஆளுக்கு எந்தப் பைப் எந்தத் தலையில் படும் என்று யோசிக்கவே தோன்றாது. கோபம் வந்தால் குரல் உயராது, குறையும். குரல் காதுக்கு எட்டாமல் போனால் வெல்டிங் செய்கிற பாஸ்மார்கூட மெஷினை நிறுத்திவிடுவார்கள். பாராட்டும் அப்படித்தான். "பிழையில்லை" என்று ஒரு சொல். அதை வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

வேலை இப்படி நடக்கும். முதலில் ஓட்டுகிற ஆளை வரச் சொல்வோம். கதிரையில் உட்கார வைத்து, பெல்ட்டை மூச்சு முட்ட இறுக்கி, ஹெல்மெட்டைப் போடுவோம். பிறகு நான் என் தையல் சோக்குக்கட்டியை எடுத்து அந்த ஹெல்மெட் முழுக்கப் பூசுவேன். கார்மன்டில் துணியில் கோடு போட வைத்திருந்த அதே சோக்குதான். சேர் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து இடம், வலம், முன்னால், மேலே என்று எவ்வளவு போகுமோ அவ்வளவும் இழுப்பார். ஓட்டுகிற ஆள் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி, பேசாமல் இருக்க வேண்டும். பைப்பில் எந்த இடத்தில் சோக்கு ஒட்டியிருக்கிறதோ அந்த இடத்தில் மெத்தை. இது கையால் இழுத்த தூரம், விபத்தில் கழுத்தும் பெல்ட்டும் இன்னும் நீளும் என்று அடையாளத்துக்கு அப்பாலும் ஒரு சாண் கூட்டிப் போடச் சொல்வார்.

அதற்குப் பிறகு தலைகீழ்ச் சோதனை. கார் உடம்பை முன்னும் பின்னும் அச்சில் மாட்டி அப்படியே கவிழ்த்துவிடுகிற சட்டம் ஒன்று கராஜில் இருந்தது. ஆளை உள்ளே வைத்தே கவிழ்ப்போம். சட்டைப் பையில் இருக்கிறதெல்லாம் கொட்டும். சீப்பு, சாவி, ஒரு தடவை ஒரு வக்கீலின் பையிலிருந்து கொய்யாக்காய்கூட விழுந்தது. நேராக இருக்கும்போது ஹெல்மெட்டுக்கும் மேல் பைப்புக்கும் இடையில் என் கைமுட்டி தாராளமாக நுழையும். கவிழ்த்தால் உடம்பு முழுக்கப் பெல்ட்டில் தொங்கும், தலை கூரைப் பக்கம் இறங்கும். அப்போதும் இடம் இருக்க வேண்டும் என்பது சேரின் சட்டம்.

மெத்தைக்குள் வைப்பது சாதாரண ஸ்பொஞ்ச் இல்லை. அமுக்கினால் விரல் நோகிற, கட்டியான ஒரு வகை. முதல் தடவை அதைப் பார்த்து, இதில் தலை பட்டால் வலிக்காதா என்று கேட்டேன். சேர் பழைய ஹெல்மெட் ஒன்றில் ஈர மணலை நிரப்பச் சொன்னார். ஒரு பைப்பில் சோபா ஸ்பொஞ்சைச் சுற்றி, இன்னொன்றில் அந்தக் கட்டி மெத்தையைச் சுற்றி, இரண்டின் மேலும் ஒரே உயரத்திலிருந்து ஹெல்மெட்டைப் போட்டார். ஸ்பொஞ்சில் விழுந்தபோது 'டங்' என்று பைப் சத்தம் போட்டது. கட்டி மெத்தையில் 'தொப்' என்று மட்டும் கேட்டது.

"பைப் கத்தினால் தலை பட்டிட்டுது எண்டு அர்த்தம். பைப் கத்தக் கூடாது பிள்ளை" என்றார்.

நானும் அதன்பிறகு கையை நம்புவதை விட்டுவிட்டு காதை நம்பத் தொடங்கினேன்.

இதையெல்லாம் செய்து செய்து பழகிவிட்ட பிறகு வந்தவன்தான் நிஸாம். அக்குறணையில் மசாலாக் கடை வைத்திருந்த குடும்பம். வாப்பா இல்லை, உம்மாவுக்கு ஒரே மகன். நல்ல பிள்ளை. கராஜுக்கு வரும்போதே அவனுக்கு முன்னால் கறுவாப்பட்டை வாசம் வரும். மலைப்பாதையில் ஒவ்வொரு காராக மேலே ஏறி நேரம் பார்க்கிற பந்தயத்தில் ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. உம்மா வருடக்கணக்காக மறுத்து, அழுது, பட்டினி கிடந்து, கடைசியில் ஒரே ஒரு பந்தயம் என்று சம்மதித்திருந்தார். காரையும் வாங்கிவிட்டான். ஒரே ஒரு பிரச்சினைதான். ஆள் தென்னை மரம்.

நேராக வைத்துப் பார்த்தபோது என் கைமுட்டி மட்டுமட்டாக நுழைந்தது. கவிழ்த்தபோது ஹெல்மெட் மேல் பைப்பில் போய் முட்டி நின்றது. சேர் குனிந்து தலைகீழாகத் தொங்குகிறவனின் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, இந்தக் கார் உமக்கு இல்லை" என்றார்.

தொங்கிக்கொண்டே நிஸாம் கெஞ்சினான். "அப்படிச் செல்லாதீங்க சேர். கூரய ஒசத்த ஏலாதா?"

"கூரையை உயர்த்த ஏலாது. உம்மைத்தான் பதிக்க வேணும்."

அந்த ஒரு காருக்கு நாங்கள் பட்ட பாடு வேறு எந்தக் காருக்கும் பட்டதில்லை. கதிரைக்கு அடியில் இருந்த தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு அதைத் தரையோடு தரையாகப் பூட்டினோம். தலைக்கு இடம் வந்தது. ஆனால் அவ்வளவு பள்ளத்தில் இருந்தால் காரின் மூக்கு அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றதும் தன்னை அறியாமலே கழுத்தை நீட்டி நிமிர்ந்தான். நிமிர்ந்தால் மறுபடியும் பழைய கதை. சேர் அவனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ஓட்டுகிற மாதிரி பாவனை செய்யச் சொல்லி, அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதிரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஸ்டியரிங்கை அவன் பக்கம் இழுத்து, முன்னால் ஒரு மரக்கட்டையை வைத்துப் பார்வை எங்கே விழுகிறது என்று கோடு பார்த்தார். கழுத்து நீளாமல் பாதை தெரிகிற இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை கட்டையை நகர்த்திக்கொண்டே இருந்தார். கதிரையின் இரு பக்கத்திலும் ஹெல்மெட்டைத் தாங்குகிற மாதிரி இரண்டு காதுகள் வளைத்து வைத்தோம். தலை பக்கவாட்டில் போனால் முதலில் காது பிடிக்கும், அதையும் தாண்டினால் பைப்பில் இருக்கிற மெத்தை பிடிக்கும்.

அப்படியும் கவிழ்த்தால் பையன் வழுக்கி இறங்கினான். காரணம் கால்களுக்கு நடுவில் வருகிற பெல்ட். அதை இறுக்க அவனுக்கு வெட்கம், அதுவும் நான் பக்கத்தில் நிற்கும்போது.

"வெக்கம் வேணுமோ தலை வேணுமோ எண்டு யோசியும்" என்றார் சேர்.

நான் வெளியே போய் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் கார் கவிழ்ந்து கிடக்கிறது, நிஸாம் முகம் சிவந்து தொங்குகிறான், சேரின் கைமுட்டி ஹெல்மெட்டுக்கும் பைப்புக்கும் இடையில் போய் வருகிறது. "பிழையில்லை" என்றார். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

மெத்தை தைத்து முடித்த அன்று நிஸாமின் உம்மா பார்க்க வந்தார். சின்ன உருவம், மகனுக்கு இடுப்பு உயரம் கூட இருக்குமோ என்னவோ. ஒரு பெரிய சட்டி நிறைய, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் மணக்கிற வட்டிலப்பம் கொண்டு வந்திருந்தார். கராஜே வட்டிலப்பத்தில் விழுந்து கிடக்க, அவர் மட்டும் காருக்குள் தலையை விட்டு மேல் பைப்பில் இருந்த மெத்தையைப் பெருவிரலால் அமுக்கினார்.

"யா அல்லாஹ், இது பலகயெல்லோ! எண்ட புள்ளட தலக்கி இதயா வெச்சீங்க?"

சேர் பொறுமையாக எல்லாம் விளக்கினார். உம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்கு அந்தத் தலையாட்டல் நன்றாகத் தெரியும். டொக்டர் சீனியைக் குறைக்கச் சொல்லும்போது என் அம்மாவும் அப்படித்தான் ஆட்டுவார்.

பந்தயம் பன்வில பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஊடறுத்துப் போகிற ஒரு பாதையில். முதல் நாளே அதிகாரிகள் காரைச் சோதித்து ஒட்டுச்சீட்டு ஒட்டிவிட்டார்கள். காலையில் பனி விலகி, தோட்டத்து ஆட்களெல்லாம் குடும்பத்தோடு வந்து மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கடலை வண்டி, ஐஸ்கிரீம் வேன் எல்லாம் வந்திருந்தன. நிஸாமின் முறை வருவதற்கு முன்னால் வழக்கம் போலக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனேன். அவன் கதிரையில் உட்கார்ந்து பெல்ட் எல்லாம் போட்டாயிற்று. ஹெல்மெட்டுக்கு மேலே கையை விட்டேன். நுழையவில்லை.

மேலே பார்த்தேன். என் கறுப்பு மெத்தையைக் காணோம். அதன்மேல் பச்சைப் பட்டுத் துணியில், புஸ்ஸென்று உப்பிய ஒன்று சுற்றித் தைக்கப்பட்டிருந்தது. கைத்தையல், நெருக்கமாக, அழகாக. அமுக்கினேன். விரல் உள்ளே போய்விட்டது. இலவம் பஞ்சு.

"நிஸாம், என்னப்பா இது?"

அவன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து திருட்டு முழி முழித்தான். "உம்மா தச்ச அக்கா. நேத்து செக் பண்ணி முடிஞ்சி லொறில ஏத்தி ஊட்ட கொண்டு போன எல்லோ. நான் தொழுதுட்டு வாறதுக்குள்ள தச்சி முடிச்சி ஈக்கி."

"கழட்டிருவோம். கையே போகலைப்பா."

"ஏலாது அக்கா. இது ஈந்தாத்தான் போகலாம் எண்டு செல்லிட்டாங்க. கழட்டினா காருக்கு முன்னுக்கு வந்து படுப்பாங்க. எண்ட உம்மாவ ஒங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். அதுதான் சங்கடம். அந்தத் தையலைப் பார்த்தால் பிரிக்க யாருக்குத்தான் கை வரும்? பேத்திக்குத் தொட்டில் தைக்கிற மாதிரி மூலை மூலையாக மடித்துத் தைத்திருந்தார். ஆனால் அந்தப் பஞ்சு, நாங்கள் அரும்பாடுபட்டுச் சம்பாதித்த இடம் முழுவதையும் தின்றுவிட்டது. தலை போக வேண்டிய வழியில் அது உட்கார்ந்திருந்தது. அடிபடும்போது அது நசுங்கி ஒன்றுமில்லாமல் போகும், அதற்குள் தலை வேகம் எடுத்திருக்கும். தீப்பிடித்தால் சொல்லவே வேண்டாம். நான் ஓடிப்போய் சேரைக் கூட்டி வந்தேன்.

சேர் பார்த்தார். அதைப் பிய்க்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு நேராக உம்மா இருந்த வேனுக்குப் போனார். குரல் உயரவும் இல்லை, குறையவும் இல்லை.

"அம்மா, ஒருக்கா இறங்கி வாறீங்களோ? உங்கட கை வேணும்."

உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே வந்தார். சேர் காரைக் காட்டினார்.

"உங்கட கையைப் பொத்தி, மகன்ர தலைக்கும் அந்தப் பச்சைத் துணிக்கும் நடுவில வையுங்கோ."

உம்மா ஒரு காலைக் காரின் விளிம்பில் வைத்து எக்கி வைத்துப் பார்த்தார். அந்தச் சின்னக் கைகூட நுழையவில்லை.

"கார் பிரண்டால் தலை மேல வரும் அம்மா. வாறதுக்கு இடம் வேணும். அந்த இடத்தில நீங்கள் தலையணை வச்சிருக்கிறியள்."

"சேர், கல்லுல தல பட்டா நோவும், பஞ்சுல பட்டா நோவாது. இத சின்னப் புள்ளயும் செல்லுமே."

"ஓம் அம்மா. மெல்லப் பட்டால் நீங்கள் சொல்லுறதுதான் சரி. படுக்கிறதுக்குப் பஞ்சு நல்லம். விழேக்க பஞ்சு விலகிப் போயிடும்."

உம்மா அசையவில்லை. அங்கே மேலே கொடி அசைகிறது, நிஸாமுக்கு முன்னால் இன்னும் சில கார்கள்தான். பஞ்சோடு அனுப்பினால் பிள்ளையின் தலை, பிய்த்தெறிந்தால் தாயின் மனம். உம்மா பிடிவாதமாக நின்றால் பந்தயமே இல்லை, அவ்வளவு நாள் ஆசையும் அந்த ரோட்டோரத்திலேயே முடிந்துவிடும்.

சேர் என்னைப் பார்த்தார். நான் புரிந்துகொண்டேன். கூடாரம் காற்றில் பறக்காமல் இருக்க வைத்திருந்த மணல் மூட்டையை அவிழ்த்து ஒரு பழைய ஹெல்மெட்டில் நிரப்பினேன். வேனுக்குள் உம்மா சாய்ந்துகொள்ள வைத்திருந்த இலவம் பஞ்சுத் தலையணையை வாங்கி, எங்களிடம் இருந்த ஒரு துண்டுப் பைப்பில் சுற்றிக் கட்டினேன். சேர் ஹெல்மெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார்.

'டங்.'

உம்மாவின் தோள் குலுங்கியது. தஸ்பீஹ் நின்றுவிட்டது. நான் தலையணையை அவிழ்த்துவிட்டு எங்கள் கட்டி மெத்தையைச் சுற்றினேன். மறுபடியும் போட்டார். 'தொப்.'

உம்மா குனிந்து அந்த மெத்தையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"கத்திரி ஈக்கா மகள்?"

நான் தையல் பிரிக்கிற சின்னக் கத்தியைக் கொடுத்தேன். அவர் காருக்குள் எட்டி, தான் தைத்த ஒவ்வொரு தையலையும் தானே பிரித்தார். என் மெத்தையில் ஒரு கீறல்கூட விழவில்லை. தையல் தெரிந்த கை அல்லவா? நான் உதவப் போனபோது முழங்கையால் தள்ளிவிட்டார். பிரித்து முடித்து, பொத்திய கையை மகனின் ஹெல்மெட்டுக்கு மேல் வைத்துப் பார்த்தார். நுழைந்தது. அந்தக் கையாலேயே ஹெல்மெட்டில் ஒரு குட்டு வைத்துவிட்டு, பச்சைத் துணியையும் பஞ்சையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பனி என்று சொல்லிச் சமாளித்தேன்.

நிஸாம் போனான். முதல் இரண்டு வளைவுகள் எங்களுக்குத் தெரியும், அழகாக எடுத்தான். பிறகு தேயிலைக்குள் மறைந்தான். சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஏறி ஏறிப் போய், சட்டென்று நின்றது. அதன்பிறகு கேட்டது வேறு சத்தம், தகரம் கல்லில் இழுபடுகிற சத்தம். மேட்டில் இருந்த ஜனமெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது.

நான் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். சேர் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். கார் உருண்டு தேயிலைக்குள் இறங்கி, தலைகீழாகக் கிடக்கிறது என்று பாதையோரத்தில் நின்ற கொடிக்காரர் ரேடியோவில் சொன்னார். ஆள் எப்படி இருக்கிறார் என்று இன்னும் சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் மாதிரி ஒரு நேரத்தை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. நான் தைத்த ஒவ்வொரு தையலும் கண்முன் வந்து போனது. அந்த மூலையை இன்னும் இறுக்கியிருக்கலாமோ, பக்கத்தில் இன்னும் ஒரு சாண் போட்டிருக்கலாமோ என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது.

ரேடியோ மறுபடியும் கரகரத்தது. ஆள் பேசுகிறார். கை கால் அசைகிறது. டொக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பந்தயத்தில் தனக்கு எவ்வளவு நேரம் வந்தது என்று நிஸாம் கேட்கிறானாம்.

"எவ்வளவு நேரமோ!" என்றார் சேர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

டொக்டர் கழுத்தையும் தலையையும் எல்லாம் சோதித்து, ஒன்றுமில்லை என்று விட்ட பிறகு அவனைக் கீழே கூட்டி வந்தார்கள். ஹெல்மெட்டின் உச்சியில் ஒரு தேய்ப்பு. உடுப்பு முழுக்கத் தேயிலைக் கொழுந்து. யாரோ கார் உடம்பிலிருந்து மேல் மெத்தையைக் கழற்றிக் கொண்டு வந்து சேரிடம் கொடுத்தார்கள். நடுவில் ஆழமாக ஒரு பள்ளம், ஹெல்மெட்டின் உருண்டை அப்படியே பதிந்திருந்தது. சேர் அந்தப் பள்ளத்தில் பென்சிலைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தார். அடியில், பைப் பக்கம், இன்னும் நசுங்காத மெத்தை மீதி இருந்தது. அவர் அதை என்னிடம் காட்டினார். வாயைத் திறந்தார், "பிழையில்லை" கூட வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

நிஸாம் சிரித்துக்கொண்டே உம்மாவை நோக்கி வந்தான். "உம்மா, ஒண்டுமில்ல உம்மா, பாருங்க" என்று கையை விரித்துக் காட்டினான்.

உம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். அதுவரை மார்போடு வைத்திருந்த பச்சைப் பஞ்சு மூட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி, அவன் தோளில் ஒரு அடி அடித்தார். பிறகு முதுகில் ஒன்று. இடுப்பில் ஒன்று. "இனிப் போவியா? செல்லு, இனிப் போவியா? ஒரே ஒரு தரம் எண்டியே, அதுல தானா உருள வேணும்?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். துணி பிய்ந்து பஞ்சு பறந்தது. தேயிலைச் செடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அந்த உயரமான பையன் குனிந்து குனிந்து அடி வாங்கிக்கொண்டு, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாமல் நின்றான். மேட்டில் இருந்த ஜனம் கை தட்டியது. தடுக்கப் போன என்னைச் சேர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அடிக்கட்டும் பிள்ளை. அதுக்குப் பஞ்சு நல்லம்" என்றார்.

ஆனால் குனிந்த பையனின் தலைக்கு நேராக உம்மாவின் கை மறுபடியும் ஓங்கியபோது, கார் ஓட்டப் பயந்த அந்த மனிதர் குடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து இடையில் புகுந்தார்.

"அம்மா, அம்மா! தலையில மட்டும் அடியாதேங்கோ!"

உம்மா கையை இறக்கினார். பிய்ந்த துணி கீழே விழுந்தது. வெறுங்கையால் அந்தத் தலையைத் தன் தோளுக்கு இழுத்து, பஞ்சு ஒட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாகத் தட்டிவிடத் தொடங்கினார்.